கொலையானவள் நியாயம் கேட்டால்

துப்பறியும் கதைகளில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஆள் கொலையுண்டவர்தான். தொடக்கத்தில் அவர் விழுந்து கிடப்பார், யாராவது அலறுவார்கள், போலீஸ் வரும். அதன் பிறகு கதை துப்பறிகிறவருக்கும் கொலையாளிக்கும் இடையிலான ஆட்டமாகிவிடும். 1941 அக்டோபரில் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் வெளிவந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' இந்த வகைப் படங்களின் சிகரம் என்று இன்றும் போற்றப்படுகிறது. அதில் துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் கூட்டாளியான மைல்ஸ் ஆர்ச்சர் ஆரம்பத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அவர் பெயரை அலுவலகத்திலிருந்து அழித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதச் சொல்கிறார் ஸ்பேட். கூட்டாளியைக் கொன்றவரைச் சும்மா விடக்கூடாது என்ற கடமையுணர்வு ஸ்பேடுக்குக் கடைசியில் வருகிறது, உண்மைதான். ஆனால் ஆர்ச்சர் செத்ததால் உலகம் எதை இழந்தது என்று படம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அதே ஆண்டில், அதற்குச் சில மாதங்கள் முன்னால், 'டாப்பர் ரிட்டர்ன்ஸ்' என்றொரு சிரிப்புப் படம் வந்தது. அதில் கொலையான பெண் எழுந்து நிற்கிறாள், தன் உடலைத் தானே பார்க்கிறாள், நேரே அடுத்த வீட்டுக்குப் போய்த் தன் கொலையைத் துப்பறியச் சொல்லி ஒருவரை நச்சரிக்கிறாள். இதை இயக்கிய ராய் டெல் ரூத்தான் 1931இல் 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலை முதன்முதலில் படமாக்கியவர். ஆர்ச்சரின் கதையையும் இந்தப் பெண்ணின் கதையையும் ஒரே மனிதர் படமாக்கியிருக்கிறார். இந்த இரண்டு விதங்களில், செத்தவருக்கு அதிக மரியாதை தருவது பேய் வந்து சிரிக்க வைக்கும் விதம்தான். பொழுதுபோக்கு என்று ஓரமாகத் தள்ளப்படும் இந்தப் படவகைக்கு அந்தப் பெருமையை யாரும் கொடுத்ததில்லை.

'டாப்பர்' வரிசையின் மூலம் தார்ன் ஸ்மித் 1926இல் எழுதிய நாவல். காஸ்மோ டாப்பர் என்ற சாதுவான வங்கிக்காரரை, கார் விபத்தில் இறந்த உல்லாசத் தம்பதி ஒன்று ஆவியாக வந்து படாதபாடு படுத்துகிறது. 1937இல் ஹால் ரோச் தயாரித்த முதல் படத்தில் அந்தத் தம்பதியாக கேரி கிராண்டும் கான்ஸ்டன்ஸ் பென்னட்டும் நடித்தார்கள்; டாப்பராக வந்தவர் ரோலண்ட் யங். மூன்றாவது படமான 'டாப்பர் ரிட்டர்ன்ஸ்' அந்தத் தம்பதியை விட்டுவிட்டு டாப்பரை மட்டும் எடுத்துக்கொண்டது, விபத்துச் சாவுக்குப் பதிலாகக் கொலையைக் கொண்டுவந்தது. பெரும் சொத்துக்கு வாரிசான ஆன் கேரிங்டன் நெடுங்காலம் பார்த்திராத தன் தந்தையின் மாளிகைக்கு வருகிறாள். கூடவே அவள் தோழி கெயில் ரிச்சர்ட்ஸும் வருகிறாள். வழியிலேயே அவர்கள் வந்த டாக்சியை யாரோ சுட்டுக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். அன்றிரவு தோழிகள் இருவரும் படுக்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கறுப்பு அங்கியும் முகமூடியும் அணிந்த ஓர் உருவம் இருட்டில் வந்து, ஆன் என்று நினைத்துக் கெயிலைக் குத்திக் கொன்றுவிடுகிறது. வழக்கமான மர்மக் கதை கெயிலை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்குச் சொத்து இல்லை, அவள்மேல் யாருக்கும் பகை இல்லை. கொலையாளி கொல்ல நினைத்தது அவளைக்கூட இல்லை, ஆள்மாறாட்டத்தில் போன உயிர். ஆபத்து யாருக்கு என்று காட்டிவிட்டு அவள் கதையிலிருந்து மறைந்திருப்பாள். இந்தப் படமோ மற்ற எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி அவளை நடுவில் நிறுத்துகிறது. அந்த வேடத்தில் நடித்த ஜோன் பிளாண்டெல், வெடுக்கென்று பேசும் உழைக்கும் வர்க்கப் பெண்ணாக வார்னர் பிரதர்ஸ் படங்களில் பெயர் வாங்கியவர். அவருடைய கெயில் அழுது புலம்பவில்லை. அவளுக்கு நன்றாகக் கோபம் வருகிறது. தன்னைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவள் நினைக்கிறாள். அந்த எளிய நியாயத்திலிருந்துதான் முழுக் கதையும் புறப்படுகிறது.

இங்கே துப்பறியும் கதை ரசிகர்கள் ஒரு வலுவான மறுப்பைச் சொல்வார்கள். பேய் வந்துவிட்டால் மர்மம் ஏது? செத்தவளே வந்து பெயரைச் சொல்லிவிட்டால் வாசகன் மூளையைக் கசக்க என்ன இருக்கிறது? ஆங்கில எழுத்தாளரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, இரண்டாவது கட்டளையிலேயே அமானுஷ்யத்துக்குக் கதவை அடைத்தார். கடவுளையும் மறுமையையும் நம்பிய ஒரு பாதிரியாரே கதைக்குள் அவற்றை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எழுத்தாளன் வாசகனை ஏமாற்றக்கூடாது என்ற நேர்மையிலிருந்து வந்த விதி அது. ஆனால் அந்த நேர்மையை உடைப்பது பேய் அல்ல, எல்லாம் அறிந்த பேய்தான். இந்த வகையின் நல்ல படங்கள் அந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. உயிரோடு இருந்தபோது தெரிந்ததற்கு மேல் கெயிலுக்கு எதுவும் தெரியாது. இருட்டு, தூக்கம், முகமூடி, அவ்வளவுதான் அவள் கண்டது. செத்ததால் அவளுக்கு ஞானம் வந்துவிடவில்லை. 1990இல் வந்த 'கோஸ்ட்' படத்தின் சாம் வீட், தன்னைச் சுட்ட வழிப்பறிக்காரனின் முகத்தைப் பார்த்தவன். ஆனால் அவனை ஏவியது யார் என்று தெரிந்துகொள்ள ஆவியாக அவன் பின்னாலேயே நடந்து போக வேண்டியிருக்கிறது. வுடி ஆலன் இயக்கிய 'ஸ்கூப்' (2006) படத்தில் செத்தவர்களைச் சுமந்து போகும் படகில் ஒரு பெண், தன்னைத் தன் முதலாளியே விஷம் வைத்துக் கொன்றிருக்கலாம் என்று பக்கத்திலிருக்கும் செத்த பத்திரிகையாளரிடம் சொல்கிறாள். அது வெறும் சந்தேகம்தான். படத்தின் முடிவில் அந்தச் சந்தேகம் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். இறந்தவரின் வாக்குமூலத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், நாக்ஸ் காப்பாற்ற நினைத்த நேர்மைக்கு எந்தக் குறையும் இல்லை.

கொலையாளி யார் என்று பேய்க்கு முழுசாகத் தெரிந்திருந்தாலும் கதை நின்றுவிடுவதில்லை. தமிழில் இதற்கு நல்ல சான்று 1979இல் ஜி.என். ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்'. துருத்திய பற்களும் குழந்தை மனசுமாக வரும் கல்யாணம் சொத்துக்காகக் கொல்லப்படுகிறான். தன்னைக் கொன்றவர்கள் யார் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் ஒரு பேயின் சொல்லை எந்தக் கோர்ட்டு ஏற்கும்? எனவே அவன் தன் இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடிப் போகிறான். இரண்டு வேடத்திலும் கமல்ஹாசன். 1945இல் டேனி கே நடித்த 'வொண்டர் மேன்' என்ற அமெரிக்கப் படத்திலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். கேளிக்கை விடுதியில் ஆடிப்பாடும் ஒருவன் ரவுடிகளால் கொல்லப்பட்டு, புத்தகப் புழுவான தன் இரட்டைச் சகோதரனின் உடம்புக்குள் புகுந்து சாட்சி சொல்லப் பார்க்கிறான். அந்தச் சகோதரன் ரவுடிகளிடமிருந்து தப்பி ஓப்பரா மேடைக்குள் ஓடிப்போய், கீழே உட்கார்ந்திருக்கும் அரசு வழக்கறிஞருக்குத் தன் வாக்குமூலத்தைப் பாட்டாகவே பாடிக் காட்டும் காட்சியில் சிரிக்காதவர் இருக்க முடியாது. சிரித்து முடித்த பிறகு அந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒருவனுக்கு உண்மை தெரியும். சொல்ல வாயில்லை. இன்னொருவனின் வாயை இரவல் வாங்க வேண்டும், அதையும் உலகம் கேட்கிற விதத்தில் சொல்ல வேண்டும். கொலையுண்ட எவருக்கும் உள்ள அடிப்படைத் துயரம் இதுதான். நகைச்சுவை முழுவதும் இந்தத் துயரத்திலிருந்தே பிறக்கிறது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. கொலை என்பது சிரிக்கிற விஷயமா? ஒரு பெண் கத்திக்குத்தில் சாகிறாள், அரங்கம் சிரிக்கிறது என்றால் அதில் ஏதோ கோளாறு இல்லையா? கேள்வி நியாயமானது, பல படங்களுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் 'டாப்பர் ரிட்டர்ன்ஸ்' எங்கே சிரிக்க வைக்கிறது, எங்கே பயமுறுத்துகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1920களிலிருந்தே பாழடைந்த மாளிகைக் கதைகள் அமெரிக்க மேடையிலும் திரையிலும் பெரும் வெற்றி பெற்றன. ஜான் வில்லர்டின் 1922ஆம் ஆண்டு நாடகமான 'தி கேட் அண்ட் தி கேனரி' மறுபடி மறுபடி படமாக்கப்பட்டது; 1939இல் பாப் ஹோப் நடித்தது அவற்றில் ஒன்று. அந்த மாதிரிக் கதைகளில் பேய் என்று பயந்தது கடைசியில் பேராசை பிடித்த மனிதன் என்று தெரியவரும். 'டாப்பர் ரிட்டர்ன்ஸ்' முகமூடி மனிதனை அப்படியே வைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரில் ஒரு நிஜப் பேயை நிறுத்துகிறது. ரகசியக் கதவும் சுரங்கமும் கறுப்பு அங்கியும் உயிரோடு இருப்பவனுக்குச் சொந்தம். கலகலப்பு முழுவதும் செத்தவளுக்குச் சொந்தம். ராய் சீரைட் அமைத்த தந்திரக் காட்சிகளும் இதற்குத்தான் பயன்படுகின்றன. அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளும் ஒலியும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றன. ஆளில்லாத இடத்தில் பொருள்கள் நகரும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாதவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்று படம் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. கொலையைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. கொன்றும் அவளைத் தீர்த்துக்கட்ட முடியாமல் போனதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இதே படத்தில் மன்னிக்க முடியாத ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டாப்பரின் கார் ஓட்டுநராக எடி ஆண்டர்சன் வருகிறார். ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில் ராச்செஸ்டராகப் புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர். சரியான கணம் பார்த்துச் சிரிக்க வைப்பதில் அவர் பெரும் வித்தகர். ஆனால் படம் அவருக்குக் கொடுத்த வேலை கண்ணை உருட்டிப் பயப்படுவதும், கவிழும் நாற்காலியிலிருந்து திரும்பத் திரும்பத் தண்ணீரில் விழுவதும்தான். கறுப்பர் என்றால் பேய்க்கு நடுங்குபவர் என்ற அன்றைய ஹாலிவுட்டின் இழிவான வார்ப்பு அது. செத்த வெள்ளைப் பெண்ணுக்கு முழு மனிதத் தகுதி தந்த படம், உயிரோடிருந்த ஒரு கறுப்பருக்கு அதைத் தரவில்லை.

அந்த இடைவெளியை 'கோஸ்ட்' ஓரளவு நிரப்பியது. 'ஏர்ப்ளேன்!' போன்ற கலாட்டாப் படங்களை எடுத்த குழுவிலிருந்து வந்த ஜெரி ஸக்கர் அதன் இயக்குநர். புரூஸ் ஜோயல் ரூபினின் திரைக்கதைக்கும் வூப்பி கோல்ட்பெர்க்கின் துணை நடிப்புக்கும் ஆஸ்கார் கிடைத்தது. கோல்ட்பெர்க்கின் ஓடா மே பிரவுன், ஆவிகளோடு பேசுவதாகப் பொய் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவர். திடீரென்று ஒரு நிஜ ஆவியின் குரல் காதில் விழுகிறது. தூங்கவிடாமல் இரவு முழுக்கப் பாடியே சாம் அவரைச் சம்மதிக்க வைக்கிறான். அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி அது. பிறகு அந்தப் பெண் உண்மையைச் சொல்லப் போனால், அவருடைய பழைய மோசடி வழக்குகளை எடுத்துக் காட்டி அவரை நம்ப வேண்டாம் என்கிறது போலீஸ். சாமுக்குக் கிடைத்த ஒரே சாட்சி, யாரும் நம்பாத ஒரு கறுப்பினப் பெண். இதில் காதலும் தனியாக ஒட்டவைத்த பாகமாக இல்லை. சாம் தன் காதலி மாலியின் பக்கத்திலேயே நிற்கிறான், அவளுக்குத் தெரியவில்லை. தொட முடியவில்லை, எச்சரிக்க முடியவில்லை. ஒரு செப்புக் காசை விரலால் நகர்த்திக் காட்டித்தான் தான் இருப்பதை அவளுக்கு உணர்த்த முடிகிறது. சிரிப்புக்கும் துப்பறிதலுக்கும் காதலுக்கும் மூலம் ஒன்றேதான்: இருந்தும் இல்லாமல் போன ஒருவன் தன்னைத் தெரியப்படுத்தப் படும் பாடு.

அந்த மூலம் அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்கூப்' உதாரணம். ஸ்கார்லெட் ஜொஹான்சனும் ஹியூ ஜாக்மனும் அழகாக இருக்கிறார்கள், வுடி ஆலன் மந்திரவாதியாக நன்றாகத் திண்டாடுகிறார், லண்டன் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அதில் திரும்பி வரும் ஆவி கொலையுண்டவருடையது அல்ல. செத்த பிறகும் பரபரப்புச் செய்தியை விடமுடியாத பத்திரிகையாளர் அவர். அவர் துரத்தும் தொடர் கொலைகளில் மடிந்த பெண்கள் கடைசிவரை வெறும் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். விஷம் வைக்கப்பட்ட அந்தப் பெண்ணோ படகிலேயே தங்கிவிடுகிறாள். படம் இனிமையாக ஓடி முடிகிறது, மனதில் யாரும் தங்குவதில்லை. பேய், காதல், கொலை, சிரிப்பு நான்கும் இருந்தும் பாதிக்கப்பட்டவருக்கு இடம் இல்லாததால் வந்த வெறுமை அது.

இதெல்லாம் பொய்யான ஆறுதல், நிஜத்தில் செத்தவர் யாரும் வந்து சாட்சி சொல்வதில்லை என்று கடைசியாக ஒரு மறுப்பு எழலாம். ஆறுதல் தருவதாகச் சொல்லி இந்தப் படங்கள் ஏமாற்றவில்லை. திரும்பி வந்தவர் எவ்வளவு சிறியவராகத் திரும்பி வருகிறார் என்பதை அவை மறைப்பதே இல்லை. 2012இல் எஸ்.எஸ். ராஜமௌலி எடுத்த 'நான் ஈ' இதை எல்லைவரை கொண்டுபோனது. காதலி பிந்துவுக்காகக் கொல்லப்பட்ட நானி ஓர் ஈயாகப் பிறக்கிறான். கொலையாளி யார் என்பதில் மர்மம் கிடையாது, ஆனால் நானிக்குக் குரலும் கிடையாது. மேசையில் விழுந்த பிந்துவின் கண்ணீரைத் தொட்டு எழுதித்தான் தான் யார் என்று அவளிடம் சொல்ல முடிகிறது. கொலைகாரனின் கார்க் கண்ணாடியிலும் எழுதித்தான் மிரட்ட முடிகிறது. நுண்ணிய சிற்பங்கள் செய்யும் பிந்து அந்த ஈக்கு ஏற்ற அளவில் கவசங்கள் செய்து தருகிறாள். ஆவியும் உயிரோடு இருப்பவளும் சேர்ந்து நியாயம் தேடும் காதல் காட்சிகள் அவை. ஒரு தட்டுத் தட்டினால் செத்துவிடும் அந்த ஈயோடு சேர்ந்து, குழந்தைகளும் பெரியவர்களும் கொலையுண்டவனின் பக்கம் நின்று இரண்டு மணி நேரம் படம் பார்த்தார்கள். மைல்ஸ் ஆர்ச்சரின் பக்கம் அப்படி யாரும் நின்றதில்லை.