எஞ்சினோடு ஓடும் வெல்டிங் யந்திரம்: பட்டறையாரும் இல்லத்தாரும் அறிய வேண்டுவன

மும்பைத் தமிழர்க்கும் இரும்புத் தொழிலுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. மாதுங்காவில் 1915 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. குழாயோடு குழாயையும் தகட்டோடு தகட்டையும் இணைக்கத் தெரிந்த கைகளுக்கு இந்நகரில் என்றும் வேலை இருந்தது. இன்றும் தாராவியின் அறுபதடிச் சாலையிலும் தொண்ணூறடிச் சாலையிலும் ஜன்னல் கிரில், ரோலிங் ஷட்டர், மாடிப்படி, கூரைச் சட்டம் செய்யும் சிறு பட்டறைகளில் நம் இளைஞர் பலர் உழைக்கின்றனர். ஊரிலுள்ள ஒரு குடும்பத்தின் மாத வரவு, பல வேளைகளில், இங்கே ஒருவன் கையிலுள்ள ஹோல்டரை நம்பியே இருக்கிறது. ஆதலின் இம்மாதம் இத்தொழிலுக்குரிய கருவி ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

மின் இணைப்பு இல்லாத இடத்தில், அல்லது இருக்கும் இணைப்பு தாங்காத இடத்தில், எஞ்சினோடு கூடிய வெல்டிங் ஜெனரேட்டரைக் கொண்டு செல்கிறார்கள். டீசலோ பெட்ரோலோ எரிந்து எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதிப்படி மின்சாரம் பிறக்கிறது. வேண்டுவது உயர்ந்த வோல்ட் அன்று, மிகுந்த ஆம்பியர். கடைகளில் பத்துக் கேஜ் என்று கேட்டு வாங்கும் 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வரை தேவை. எட்டுக் கேஜ் ராடாயின் 140 முதல் 180 வரை ஆகும்.

யந்திரத்தை எங்கே நிறுத்துவது என்பதே முதற் கேள்வி. உயிரைக் குடிக்கும் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைப் போல் இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் உடலுக்குப் பிராணவாயு போய்ச் சேராது. சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் இவ்வாயு மிகுதி. டீசலில் குறைவு எனினும், இல்லையென்று எண்ணலாகாது.

மழை வருகிறதே என்று யந்திரத்தைப் பட்டறைக்குள் இழுத்து, ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று கருதுவோர் உளர். போதாது. தாராவியில் கீழே பட்டறை, மேலே மரப்பலகை மாடியில் குடும்பம் என்று அமைந்த வீடுகள் எத்தனையோ! கீழே ஓடும் எஞ்சினின் புகை மேலே தொட்டிலில் உறங்கும் குழந்தையை அடையப் பலகையின் இடுக்கே போதும். யந்திரம் திறந்த வெளியில் நிற்க வேண்டும். புகைக்குழாயின் வாய் எந்த வீட்டின் கதவையும் ஜன்னலையும் நோக்கலாகாது. நம் ஜன்னலை மட்டுமன்று, எதிர்வீட்டாரின் ஜன்னலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியன முதற் குறிகள். பித்தம் என்று சொல்லி, மோர் குடித்துப் படுத்துக்கொள்வது நம் வழக்கம். எஞ்சின் ஓடும் இடத்தில் அவ்வாறு படுப்பவர் எழாமற் போகலாம். உடனே அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, சயான் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்க; எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறவாது மருத்துவரிடம் கூறுக. அந்த ஒரு சொல்லே சிகிச்சையின் திசையை மாற்றும்.

அடுத்தது, நம்மவர் எர்த் என்று அழைக்கும் கிளாம்பு. இப்பெயரே குழப்பத்திற்கு வித்து என்பது நம் கருத்து. வெல்டிங் மின்சாரம் மண்ணுக்குள் போவதன்று. யந்திரத்திலிருந்து ஹோல்டர் வழியே புறப்பட்டு, ராடையும் இரும்பையும் கடந்து, இந்தக் கிளாம்பின் வழியே யந்திரத்துக்கே திரும்பி வருகிறது. இது திரும்பும் வழி, அவ்வளவே. பற்றவைக்கும் துண்டின் மேலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில், துருவும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில் அதை இறுகப் பிடிக்க வேண்டும். சோம்பலினால் எங்கோ உள்ள தூணிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால் என்ன ஆகும்? நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் தனக்கு எந்த இரும்பு கிடைக்கிறதோ அதன் வழியே திரும்பும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் குடியிருப்புகளில் அந்த இரும்பு அடுத்த வீட்டுக் குழாயாக இருக்கலாம், தகரச் சுவராக இருக்கலாம், மெல்லிய எர்த் கம்பியாகவும் இருக்கலாம். அக்கம்பி உள்ளுக்குள்ளேயே கருகிப் போகும். அன்று ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் அவ்வீட்டுப் பிரிட்ஜில் மின்கசிவு ஏற்படும்போது காப்பாற்ற வேண்டிய கம்பி அங்கே இராது. யந்திரச் சட்டத்தை மெய்யாகவே மண்ணோடு இணைப்பது வேறு காரியம். அதனை யந்திரத்தோடு வரும் கையேடு கூறுகிறபடி செய்க.

கேபிளையும் கவனிக்க வேண்டும். நீளமான கேபிளைச் சுருட்டிய வண்ணமே வைத்து வேலை செய்தால் சுருளினுள் வெப்பம் ஏறி ரப்பர் உருகும். அவிழ்த்துப் பரப்புக. அதனைத் தோளில் சுற்றிக்கொள்வது ஒரு மிடுக்காகக் கருதப்படுகிறது. அதைக் கண்டால் நமக்கு நடுக்கமே உண்டாகிறது.

ராடு இரும்பைத் தொடாதபோது ஹோல்டரில் நிற்கும் வோல்ட், வீட்டு மின்சாரமான 230-ஐ விடக் குறைவு என்பது மெய்யே. நேர்மின்னோட்டத்தில் 113 வோல்ட் வரை சர்வதேச விதி அனுமதிக்கிறது. ஆனால் ஈரமும் நெருக்கமும் உள்ள இடங்களில் மாறுமின்னோட்டம் 48 வோல்ட்டைத் தாண்டலாகாது என்றும் அதே விதி கூறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ஈரமில்லாத இடம் ஏது? வியர்த்த கையுறையை மாற்றி உலர்ந்ததை அணிக. மரப்பலகையோ ரப்பர் விரிப்போ மீது நிற்க. மழையில் நனைந்தபடி வேலை வேண்டா. முதலாளி அவசரப்படுத்தினாலும் வேண்டா.

பொறி பத்து மீட்டருக்கு மேலும் தெறித்துச் செல்லும். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கும் அட்டையும் பழைய பீப்பாய்களும் மலையெனக் குவிந்துள்ளன. காலி எண்ணெய்ப் பீப்பாயை வெட்டவோ பற்றவைக்கவோ முற்படுவது வெடிகுண்டில் கை வைப்பதாகும். காலியாகத் தோன்றினும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். 2025 மார்ச் 24 இரவு எரிவாயு உருளைகள் ஏற்றிய லாரி ஒன்று தாராவியில் தீப்பற்றி, உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அது வெல்டிங்கினால் நேர்ந்ததன்று; எனினும் நெருங்கிய தெருக்களில் தீ எவ்வாறு பேசும் என்பதை அவ்விரவு காட்டியது. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அவ்விடத்தில் ஆள் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றலாகாது. நிறுத்தி, ஆறவிட்டு, தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் ஊற்றுக.

2020 அக்டோபர் 12 அன்று காலை நகரமே மின்சாரமின்றி நின்றது, ரயில்களும் ஓடவில்லை. அத்தகைய நாளில் வெல்டிங் யந்திரத்திலுள்ள 230 வோல்ட் பிளக்கிலிருந்து வீட்டுக் கம்பிகளுக்கு இணைப்புக் கொடுக்கும் எண்ணம் தோன்றும். சேஞ்ச்ஓவர் சுவிட்சு இன்றி அவ்வாறு செய்தால் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் செல்லும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியும் ஒரு வீட்டின் பிள்ளையே.

இனிப் பராமரிப்பு. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், யந்திரம் சமதளத்தில் நிற்க, எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். புது யந்திரத்தில் முதல் ஆயிலை ஏறத்தாழ 50 மணி ஓட்டத்திலேயே மாற்றுவது வழக்கம், பின்னர்க் கையேட்டின்படி. மழைக்காலத்தில் டீசலில் நீர் சேரும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வடிக்க. சூடான ரேடியேட்டரின் மூடியைத் தொடவேண்டா. 60 சதவீத டூட்டி என்று தகட்டில் பொறித்திருந்தால், குறித்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடமே பற்றவைக்கலாம் என்பது பொருள். சும்மா நெடுநேரம் ஓடவிடுவதும் தீதே. சுமையற்ற டீசல் எஞ்சினில் கரி படிந்து புகைக்குழாய் ஈரமாகும். பழைய மாதிரி யந்திரங்களில் கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கிறதா என்று பார்க்க. குட்டையான பிரஷ்ஷை உடனே மாற்றுக. வேலை முடிந்ததும் ஓரிரு நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு நிறுத்துக.

2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதைப்போன்ற வெள்ளத்தில் மூழ்கி எழுந்த யந்திரத்தை, நீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்ப்பதே பலரின் முதற்செயல். உள்ளே நீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். ஈரமான சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது எரியும். பேட்டரியைக் கழற்றி, ஆயிலையும் டீசலையும் முழுதும் வடித்து, நல்ல நீரால் சேறு கழுவி, மெல்லிய வெப்பத்தில் சில நாட்கள் உலரவிடுக. பிறகு மெக்கர் கொண்டு சோதிப்பவரை அழைக்க. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மீண்டும் உலர்த்த வேண்டும். அதற்காகும் இரண்டு நாள் கூலி, சுருளை மீண்டும் சுற்றுவதற்காகும் செலவில் மிகச் சிறு பகுதியே.