கையெழுத்துக்கு யார் சாட்சி?

பிரபல கிரிக்கெட் வீரர் கையெழுத்திட்டதாகச் சொல்லி ஒரு பேட் இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. கூடவே ஒரு சான்றிதழ், ஹாலோகிராம் ஸ்டிக்கர். சான்றிதழைப் பார்த்ததும் பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கையெழுத்தையே போலியாகப் போடத் துணிந்தவருக்கு ஒரு சான்றிதழை அச்சடிப்பது பெரிய வேலையா?

அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் எஃப்.பி.ஐ. விசாரணை நடத்தி, கலிபோர்னியாவில் ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. சிக்கிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! அந்தக் கும்பல் சரக்கோடு சேர்த்து ‘உண்மைச் சான்றிதழ்’களையும் விற்றது.

சேகரிப்புப் பொருள்களைத் தரம் பிரிக்கும் நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் அச்சிட்ட நூறாண்டு பழைய சேகரிப்பு அட்டை ஒன்றுக்கு, பி.எஸ்.ஏ. நிறுவனம் 10க்கு 8 தரம் கொடுத்திருந்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதன் ஓரங்களைக் கத்தரித்துச் சீராக்கியதாக, அதை முன்பு விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

என்னைக் கேட்டால், சான்றிதழைவிடச் சாட்சிதான் முக்கியம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2001 முதல் இதைத்தான் செய்கிறது: வீரர் கையெழுத்திடுவதை நேரில் பார்த்தவர் அங்கேயே எண்ணிட்ட ஹாலோகிராமை ஒட்டுகிறார். அந்த வசதி இல்லாத இடத்தில் நாம்தான் கேட்க வேண்டும். எங்கே, எப்போது கையெழுத்திட்டார்? யார் பார்த்தது? புகைப்படம் உண்டா? இதுவரை யார் யார் கைக்கு மாறியது? பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் உதவும்: அச்சிட்ட கையெழுத்து பெரும்பாலும் சிறுசிறு புள்ளிகளாகத் தெரியும். பேனா மையிலோ அழுத்தம் கூடுவதும் குறைவதும் தெரியும்.

அடுத்தது பில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பில்லில் வெறுமனே ‘கிரிக்கெட் பேட்’ என்று இருந்தால், கையெழுத்து போலி என்று பின்னர் வாதிடுவது கடினம். ‘இன்னார் தம் கையால் கையெழுத்திட்டது’ என்று எழுதி வாங்குங்கள். விளம்பரத்தையும் உரையாடல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றவர் நாளைக்கே அழித்துவிடலாம்.

ஏமாந்துவிட்டீர்களா? இணையத்தில் பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும். இணைய வணிகத் தளத்தில் வாங்கியிருந்தால், அதன் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் லாபத்துக்கு மறுவிற்பனை செய்யவே வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதாது; அவர் மோசடிப் புகாரோடு காவல்துறையைத்தான் நாட வேண்டும்.

நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அலமாரியில் இருக்கும் பேட்டின் மீது சந்தேகம் இருந்தால், பில்லை இன்றைக்கே தேடி எடுங்கள்.