விழுப்புரம் தாண்டத் தடை!

சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு ரெயிலில் போகிறவர்கள் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் வரவேண்டும். அங்கிருந்து புதுச்சேரிக்குப் பிரியும் பாதை 1879-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நாளில் விழுப்புரம் ஆங்கிலேயர் கையில். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்.

இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அது மகாகவி பாரதியாரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது!

உதவி ஆசிரியர்

1882-ல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1904-ல் சென்னை "சுதேசமித்திரன்" பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் தமிழாக்குவது அவர் வேலை. மனதில் கொதித்ததை எல்லாம் கொட்ட அங்கே இடம் இல்லை.

1906-ல் தொடங்கிய "இந்தியா" வாரப் பத்திரிகை அந்த இடத்தைக் கொடுத்தது. கேலிச் சித்திரங்களும் காரசாரமான கட்டுரைகளும் வெளிவந்தன.

1908-ல் சர்க்கார் பாய்ந்தது. பத்திரிகைக்குத் தம் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த சீனிவாசன் கைதாகிச் சிறை சென்றார். நண்பர்களின் யோசனைப்படி பாரதியார் புதுச்சேரி போனார். அச்சு எந்திரமும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது!

வாசகர் அங்கே, பத்திரிகை இங்கே

புதுச்சேரியில் அச்சடிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் இருந்தது சென்னையிலும் தென் மாவட்டங்களிலும். எல்லை தாண்டியதும் ஆங்கிலேயர் தபால், ஆங்கிலேயர் போலீஸ். பத்திரிகையை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு பிறந்தது.

வாசகர் கையில் சேராத பத்திரிகை எத்தனை நாள் வாழும்? 1910 மார்ச்சில் "இந்தியா" நின்றது. வருமானமும் நின்றது. வறுமை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

பாட்டுக்குப் பூட்டு இல்லை

பத்திரிகை ஆசிரியரின் வாயைத்தான் சர்க்காரால் கட்ட முடிந்தது. கவிஞரின் வாயைக் கட்ட முடியவில்லை. "கண்ணன் பாட்டு", "குயில் பாட்டு", "பாஞ்சாலி சபதம்" எல்லாம் அந்தப் புதுச்சேரி நாட்களில் பிறந்தவையே.

பத்து ஆண்டுகள் ஓடின. 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது! மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்து விடுதலையானார். 1920-ல் மீண்டும் அதே "சுதேசமித்திரன்", அதே உதவி ஆசிரியர் வேலை. மறு ஆண்டு செப்டம்பரில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயது நிறையவில்லை.

அன்று தபாலில் தடுக்கப்பட்ட எழுத்து, இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தடை போட்ட சர்க்கார்தான் இல்லை!