ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

ஆண்டிறுதியில் பினாங்கில் மழை வலுக்கும். ஜோர்ஜ்டவுன் நகரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசைகளுக்கு இடையே வாளி வைத்து நீரைப் பிடிக்கிறார்கள். பெற்றோர் தலைமையாசிரியரிடம் முறையிடுகின்றனர். அவர் வகுப்பை வேறு அறைக்கு மாற்றலாம். புதுக் கூரை போட அவரிடம் பணம் இல்லை. அப்படியானால் யாரிடம் கேட்பது?

பள்ளி நிற்கும் நிலம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். அரசாங்க நிலத்தில் உள்ள பள்ளி பொதுவாக முழு உதவி பெறும் பள்ளியாகும்; அதன் கட்டடத்தை அரசாங்கமே பராமரிக்கும். கோயிலோ சங்கமோ தனியாரோ வழங்கிய நிலத்தில் உள்ளது பகுதி உதவி பெறும் பள்ளி. இரண்டிலும் ஆசிரியர் சம்பளத்தைக் கல்வி அமைச்சே தருகிறது, பாடத்திட்டமும் ஒன்றே. ஆனால், பகுதி உதவி பெறும் பள்ளியில் கட்டடச் செலவின் சுமை பெரும்பாலும் பள்ளி மேலாளர் வாரியத்தின்மேல் விழுகிறது. அரசாங்கச் சிறப்பு ஒதுக்கீடு கிடைப்பதுண்டு. அது தானாக வருவதில்லை, விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மலாயாத் தோட்டங்களில் பள்ளி அமைக்கும் கடமையை அன்றைய தொழிலாளர் சட்டம் முதலாளிகள்மேல் சுமத்தியது. நகரத்தில் அத்தகைய முதலாளி இல்லை; பொதுமக்களே முன்வர வேண்டியிருந்தது. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும், பொதுமக்கள் நன்கொடையையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியையும் கொண்டே எழுந்தது. நாட்டின் முதல் தமிழ் வகுப்பு அங்குதான் நடந்தது என்பர்.

இன்று பெற்றோர் பேசுவதற்குச் சட்டம் ஓர் இடம் வகுத்துள்ளது. கல்விச் சட்டம் 1996இன் கீழ் வந்த 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பெற்றோர் ஆசிரியர் சங்கம் இயங்குகிறது. மாணவர் நலனுக்கு நிதி திரட்டலாம். குறைகளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுப்பலாம். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். ஆசிரியர் நியமனத்திலும் பள்ளியின் அன்றாட நிர்வாகத்திலும் தலையிட முடியாது. சங்கத்திற்குத் தரும் பணம் நன்கொடையே. அதைக் கட்டாததால் எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. இதை அறியாமல் கடன் வாங்கிக் கட்டும் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பது வருத்தம் தருவது.

சங்கம் வேறு, வாரியம் வேறு. கூரையைப் பற்றிச் சங்கத்திடம் மட்டும் சண்டையிட்டுவிட்டு வீடு திரும்புவோர் பலர். நிலமும் கட்டடமும் வாரியத்தின் பொறுப்பில் இருந்தால், கடிதம் அங்கேதான் போக வேண்டும்.

ஜோர்ஜ்டவுனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பழைய கடைவீடுகளின் வாடகை உயர்ந்தது. பல குடும்பங்கள் நகர மையத்தை விட்டு வெளியேறின. பள்ளிக்குக் கிடைக்கும் தலைவீத மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிள்ளைகள் குறைந்தால் மானியமும் குறையும். கூரையோ அதே அளவுதான். மாணவர் 150க்கும் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி எனக் கருதப்படும். ஆகவே, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற முடிவும் அப்பள்ளியின் நிதியைத் தொடுகிறது.

நம் கூரைக்குத் திரும்புவோம். ஒழுகும் இடங்களைப் படம் எடுத்து, குத்தகையாளரிடம் செலவு மதிப்பீடு வாங்கி, பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினால், அது கூட்டக் குறிப்பில் பதிவாகும். தலைமையாசிரியரும் வாரியமும் அதை இணைத்து வடகிழக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு வழங்கும் ஒதுக்கீட்டையும் நாடலாம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை வாளியைக் காலி செய்யும் முறையை மாணவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.