தண்ணீர் ஊற்றியே கொன்றேன்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் லண்டன் வந்த நான், ஏப்ரலில் ஒரு லூயிசியா செடி வாங்கினேன். அமெரிக்க மலைப்பாறை இடுக்குகளில் வளர்வது, இளஞ்சிவப்புப் பூக்கள். வீவக வீட்டில் பாட்டி துளசிக்குச் செய்வதுபோல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் அடித்தண்டு அழுகிவிட்டது.

காரணம் கியூ தோட்டத்தில் புரிந்தது. அங்கே 2006இல் திறக்கப்பட்ட டேவிஸ் ஆல்பைன் கண்ணாடிக்கூடத்தில், நிலத்தடியில் குளிர்ந்த காற்று செடிகள்மீது வீசுகிறது. சூடான காற்று உச்சி வழியே வெளியேறுகிறது. நம் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிர்கூடங்களை வடிவமைத்த வில்கின்சன் அயர் நிறுவனத்தின் கைவண்ணம்தான் இதுவும்! மலைச்செடிகளுக்குக் குளிர் பகையல்ல, தேங்கும் ஈரமே பகை. குளிர்காலத்தில் பனிப்போர்வைக்கு அடியில் அவை அதிக ஈரம் படாமல் உறங்குகின்றன.

இரண்டாவது செடியைச் சரளை கலந்த மண்ணில் சற்றுச் சாய்த்து நட்டேன். தண்ணீர் தேங்காதிருக்க, அடித்தண்டைச் சுற்றிச் சிறு கற்கள் பரப்பினேன். மண் காய்ந்த பிறகே தண்ணீர். மே மாதக் கடைசியில் பூத்தது.

காணொளி அழைப்பில் பாட்டியிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பாட்டி சிரித்தார். “துளசி வாடும், ஊத்துவேன். இது வாடவே இல்லையே, நீ ஏன்யா ஊத்துன?”