நாய்களுக்கு ஒரு திடல்: இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டத்து லயங்களில் நாய் வளர்ப்பதற்கு யாரும் தனி இடம் தேடியதில்லை. பகலில் மர நிழலில் படுத்திருக்கும். இரவில் வாசலைக் காக்கும். தோட்டத்தை விட்டு நம் மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது நாயும் கூடவே வந்தது. ஆனால், அது ஓடித் திரிந்த வெளி வரவில்லை. வரிசை வீட்டின் முன்புறத்தில் நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்கிறது. அண்டை வீட்டாருக்கு எரிச்சல் வருகிறது. இதற்கு ஒரு தீர்வாகவே பொது நாய்ப் பூங்கா என்னும் எண்ணம் பிறந்தது.

வேலியிட்ட ஒரு திடலில், உரிமையாளரின் கண்காணிப்பில், நாய்கள் கயிறின்றி ஓடலாம். இதுதான் நாய்ப் பூங்கா. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979இல் தொடங்கப்பட்ட பூங்கா இவற்றுள் முன்னோடி எனலாம். சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலும் இத்தகைய பகுதி உண்டு. ஐதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் ஏறத்தாழ 1.3 ஏக்கரில் ஒரு நாய்ப் பூங்காவைத் திறந்தது. முன்பு குப்பை கொட்டப்பட்ட நிலம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால், காலியாகக் கிடக்கும் எந்த நிலமும் போதுமா? குளுவாங் மாவட்டத்துப் பாலோவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுற்றிலும் செம்பனை, நடுவே இரயில் பாதை, மூவினத்தாரும் வாழும் சிறுநகரம். இங்கு ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் கீழ்க்காணும் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, நிலம் யாருடையது? புல் வளர்ந்து கிடப்பதாலேயே அது பொது நிலமாகிவிடாது. இரயில்வே ஒதுக்கீடாக இருக்கலாம். ஆற்றோர ஒதுக்கீடாக இருக்கலாம். தோட்ட நிறுவனத்தின் சொத்தாகவும் இருக்கலாம். நில அலுவலகத்தில் பதிவைத் தேடிப் பார்ப்பதே முதல் வேலை. தாமானின் பொதுத் திடல் என்றால், அது ஏற்கெனவே பிள்ளைகள் விளையாடும் இடம். அதைப் பறித்து நாய்களுக்குக் கொடுப்பது நியாயமாகாது.

இரண்டாவது, தண்ணீர் எங்கே போகிறது? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான நிலத்தில் தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி தங்கும். ஈரமண்ணில் நாயின் கழிவு கிடந்தால் கொக்கிப்புழுவின் குடம்பிகள் பெருகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்லது. நீர் அப்படியே நின்றால், வடிகாலுக்குப் பெருஞ்செலவு பிடிக்கும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்வது நம் நாட்டு முஸ்லிம்களின் சமய ஒழுக்கம். ஆகவே, சூராவுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் பாதையோரம் இத்திடல் அமையக்கூடாது. 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவிலுள்ள ஒரு பூங்காவில் நடந்த, நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி நாடு முழுவதும் சர்ச்சையானதை நினைவில் கொள்வோம். நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அயலாரின் சம்மதமும் வேண்டும். பள்ளிக்கூட வாசல், உணவங்காடி, நெரிசலான சாலை ஆகியவற்றிலிருந்தும் விலகியிருப்பது நலம்.

நான்காவது, இடம் போதுமா? ஓர் ஏக்கருக்குக் குறையாத பரப்பும் நான்கு முதல் ஆறடி உயர வேலியும் வேண்டுமென அமெரிக்கன் கென்னல் கிளப் பரிந்துரைக்கிறது. நுழைவாயிலில் இரட்டைக் கதவு அவசியம். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றொன்றைத் திறக்க வேண்டும். சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி, நம் வெயிலுக்கு மரநிழல், குடிநீர்க் குழாய் ஆகியவையும் தேவை.

ஐந்தாவது, யார் பராமரிப்பது? பலரும் மறந்துவிடும் கேள்வி இதுதான். கழிவை அள்ளுவது யார்? உரிமமும் தடுப்பூசியும் உள்ள நாய்தானா என்று பார்ப்பது யார்? 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. எனவே, இதில் அலட்சியம் ஆபத்தாகும். ஊராட்சி மன்றமும் குடியிருப்பாளர் சங்கமும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளாவிட்டால், ஆறே மாதத்தில் அந்த இடம் புதர் மண்டிவிடும்.

இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கனமழைக்கு மறுநாள் ஒருமுறை என மூன்று தடவையாவது போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள வீடுகளின் கதவைத் தட்டிக் கருத்துக் கேளுங்கள். முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு விடை பாதகமாக இருந்தாலும், அந்த இடத்தைக் கைவிடத் தயங்க வேண்டாம். தவறான இடத்தில் அமையும் பூங்கா மூடப்படுவதோடு நிற்பதில்லை. நாய் வளர்ப்போர் மீதே ஊருக்கு வெறுப்பு வரும். அதன் விளைவை அனுபவிப்பது, தெருவில் விடப்படும் வாயில்லாச் சீவன்தான்.

நம் ஊர் திரும்பும் விடுமுறையில், வீட்டருகே கிடக்கும் ஒரு காலி நிலத்தை இந்த ஐந்து கேள்விகளோடு சுற்றி வாருங்களேன். நாய்ப் பூங்கா அமையாவிட்டாலும், நம் ஊரின் நிலத்தையும் நீரையும் அண்டை அயலாரையும் அறிந்துகொண்ட பயனாவது மிஞ்சும்.