பிரிக்க முடிகிற பசை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்தபின், திருவள்ளூர் மாவட்டத்தில் மெத்தைகளோடு புத்தகங்களையும் மொட்டை மாடியில் காயப்போட்ட வீடுகள் உண்டு. பாடநூல் போனால் மறுபடி வாங்கிவிடலாம். தாத்தா ஓரமெல்லாம் பென்சிலால் குறித்துவைத்த கம்பராமாயணத்தை எந்தக் கடையில் கேட்பது?

வெயில்தான் முதல் தவறு. அட்டை வளைந்து, தாள் அப்பளமாக நெளிந்துவிடும். புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, இடையிடையே வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துவதே நல்லது. செய்தித்தாள் செருகினால் மை ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் கை ஒழியாதென்றால் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மீனுக்குப் பக்கத்தில் புத்தகமா என்று வீட்டில் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

கிழிசலுக்கு வருவோம். என் பள்ளிக்கால அகராதியில் நானே ஒட்டிய செல்லோ டேப் இன்று உரிந்து விழுந்துவிட்டது. அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, டீக்கறை போல நிற்கிறது. எப்படி ஒட்டுவது என்பதை நூல் பாதுகாப்புத் துறையினரிடம்தான் கேட்க வேண்டும். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத் தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. நூல் பாதுகாப்பு ஒரு தனித் துறையாக வேகமாக வளர்ந்தது அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான். அந்தத் துறையினர் விடாமல் பிடித்திருக்கும் விதி ஒன்று: இன்று ஒட்டியதை நாளை பிரிக்க முடிய வேண்டும்.

அதற்கு நம் பாட்டி காய்ச்சிய மைதாப் பசையே போதும். ஒரு கரண்டி மாவு, ஐந்து கரண்டி தண்ணீர். சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறி, ஆறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். ஈரம் காட்டினால் பிரிந்துவிடும். பூச்சி வராதிருக்க பைண்டர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம்; தாமிரம் நாளடைவில் தாளையும் அரிக்கும். அவ்வப்போது புதிதாகக் காய்ச்சி, கொஞ்சமாகப் பூசுங்கள். பசை அதிகமானால் அது வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. ஒட்டுக்கு மல்பெரி வகைப் பட்டையில் செய்த ஜப்பான் டிஷ்யூ தாள் உத்தமம். கத்தரிக்காமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தால் நார்கள் விரிந்து நன்றாகப் பிடிக்கும்.

ஐடிஐ மாணவர்களின் கைடுகள் வேறு ஜாதி. முதுகில் வெறும் பசை. தாள் தாளாகக் கழன்றுவரும். அவற்றுக்குக் கோணி ஊசியும் கனத்த நூலும் எடுத்து, மூன்று துளையில் பக்கத் தையல் போட்டால் தேர்வுவரை தாங்கும். தொட்டாலே உதிரும் நூற்றாண்டுப் பழைய தாளில் மட்டும் கைவைக்காதீர்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டியபின் பாரம் ஏற்ற வேண்டும். கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தகட்டுத் துண்டுக்கா பஞ்சம்? துரு படியாமல் துணியில் சுற்றி வைத்தால் ஓரிரவு போதும். ஐப்பசி மழையென்றால் இரண்டு.